ஃபில்டர் காபி, க்ரீன் டீ: ரத்தக்குழாய்க்குப் பகையில்லாமல் போட்டுக் குடிப்பது எப்படி?

லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 150 என்று வந்த மறுநாளே பல வீடுகளில் காபி நின்றுவிடுகிறது. க்ரீன் டீ டப்பா அலமாரியில் ஏறுகிறது. மூன்று மாதம் வாயைக் கட்டிவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தால், எண் பெரிதாக அசையாமல் போகலாம். நம் வீட்டு ஃபில்டரில் இறங்கும் டிகாக்‌ஷனில் எல்டிஎல்லை ஏற்றும் சரக்கு கிட்டத்தட்ட இல்லை என்பது ஒன்று. க்ரீன் டீ இறக்கும் அளவும் சொற்பம் என்பது இன்னொன்று. தூள் எதன் வழியாக வடிகிறது, டம்ளரில் எந்தப் பால், எத்தனை ஸ்பூன் சர்க்கரை, உங்கள் பிரஷர் எவ்வளவு, மாத்திரைக்கும் டம்ளருக்கும் நடுவே எவ்வளவு நேரம்... தமனிக்குக் கணக்காகிறவை இவைதான்.

எண்ணெயில் இருக்கிறது சங்கதி

காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், கவியோல் என்று இரண்டு பொருள்கள் உண்டு. கல்லீரல் வழக்கமாகக் கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்த அமிலமாக மாற்றிச் செலவழிக்கும். கஃபெஸ்டால் உள்ளே போனதும் 'பித்தம் போதும்' என்று கல்லீரலுக்குத் தப்பான சேதி சொல்கிறது. செலவு குறைய, இருப்பு ஏறுகிறது. ரத்தத்தில் மிஞ்சுகிற எல்டிஎல், தமனிச் சுவரின் உட்படலத்துக்குள் நுழைந்து படிகிறது. அடைப்பின் ஆரம்பம் அங்கேதான். நாளொன்றுக்கு 10 மி.கி. கஃபெஸ்டால் தொடர்ந்து போனால் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்குச் சுமார் 5 மி.கி. ஏறும் என்பது நெதர்லாந்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு.

காபி கொலஸ்ட்ராலை ஏற்றுகிறதோ என்ற சந்தேகம் முதலில் வலுத்தது நார்வேயின் வடகோடியில் உள்ள டிரோம்சோவில். அந்த ஊர் மக்களிடம் நடத்திய இதயநோய் ஆய்வு, காபி கூடக் கூடக் கொலஸ்ட்ராலும் கூடுகிறது என்று 1983-இல் சொன்னது. அந்தப் பக்கம் கொரகொரப்பான தூளைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, மண்டி இறங்கியதும் மேலே தெளிந்ததை ஊற்றிக் குடிப்பார்கள். எண்ணெய் முழுக்க அதிலேயே மிதக்கும். அதே காபியைக் காகித ஃபில்டரில் வடித்தால் எண்ணெய் நின்றுவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. நார்வேயில் 20 முதல் 79 வயது வரை 5 லட்சம் பேரைச் சராசரியாக 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்விலும், நாளுக்கு 1 முதல் 4 கப் வரை வடிகட்டிய காபி குடித்தவர்களிடம்தான் மரண விகிதம் மிகக் குறைவு.

நம்ம ஊர் ஃபில்டரில் காகிதம் கிடையாதே, வெறும் உலோகத் துளைதானே என்று கேட்கலாம். சிங்கப்பூர், இந்தோனேசியா, இந்தியா மூன்று நாட்டுக் காபிக்கடைகளிலும் மாதிரி எடுத்து அளந்த ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது. வடிகட்டாத இந்தோனேசியக் காபியில் கப்புக்கு 4.43 மி.கி. கஃபெஸ்டால். சிங்கப்பூர் கோப்பிக்கடைத் துணிப்பையில் வடித்ததில் 0.09 மி.கி. இந்திய உலோக ஃபில்டர் காபியிலோ 0.05 மி.கி.தான். வடிகட்டாததோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 90-இல் ஒரு பங்கு.

உலோகத் துளை எண்ணெயைப் பிடிப்பதில்லை. துளைத்தட்டின் மேல் அமுக்கி வைத்த தூள்தான் பிடிக்கிறது. வெந்நீர் சொட்டுச் சொட்டாக அந்தப் படுகையில் இறங்கும்போது எண்ணெயின் பெரும்பகுதி தூளோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. ஆகவே படுகை சரியாக அமையாவிட்டால் பலனும் போகும். அதே ஆய்வில் இந்தோனேசியாவில் துணிப்பையில் வடித்த காபிக்கு 0.85 மி.கி. வந்தது, சிங்கப்பூர் துணிப்பையைவிட ஒன்பது மடங்கு. ஃபில்டர் இருக்கிறது என்று மட்டும் நம்பி உட்காரக் கூடாது என்பதற்கு இது போதும்.

டிகாக்‌ஷன் இறக்கும் முறை

இரண்டு பேருக்கு, 100 மி.லி. பாலோடு ஆளுக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்வோம்.

1. மேல் பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரியவேண்டும். அடைத்திருந்தால் அந்தப் பாத்திரத்தை மட்டும் கேஸ் தீயில் அரை நிமிடம் காட்டினால் சிக்கிய தூள் கருகி உதிரும். ஆறியபின் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பாத்திரத்தில் ஈரம் இருக்கக் கூடாது. ஈரத்தில் தூள் ஒட்டிக் கட்டியாகும்.

2. தூள் 20 கிராம். மேசைக்கரண்டியால் குவித்து எடுத்தால் மூன்று கரண்டி. பாத்திரத்தைப் பக்கவாட்டில் தட்டிச் சமன்படுத்தி, குடையை வைத்து அதன் எடையோடு விரல் பாரம் மட்டும் சேர்த்து அமுக்குங்கள். கட்டைவிரலை ஊன்றி அழுத்தவேண்டாம்.

3. தண்ணீர் 130 மி.லி. தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். முதலில் இரண்டு மேசைக்கரண்டி அளவை மட்டும் குடையின் மேல் வட்டமாக விடுங்கள். தூள் ஊதி எழும்பும். ஒரு நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடுங்கள்.

4. 15 முதல் 20 நிமிடத்தில் 90 மி.லி. அளவுக்கு டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். தன் எடையைப் போல் இருமடங்குத் தண்ணீரைத் தூளே குடித்துவிடும். அதனால் ஊற்றியது அத்தனையும் கீழே வராது.

நான்கே நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டால் தூள் பெருவெட்டு, அல்லது அமுக்கியது போதவில்லை. தண்ணீர் படுகைக்குள் வழி வெட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. காபியும் நீர்த்திருக்கும், எண்ணெயும் கூட வந்திருக்கும். முக்கால் மணி நேரமாகியும் மேலே தண்ணீர் நின்றால் மூன்று காரணம் உண்டு. தூள் மாவாக அரைபட்டிருக்கலாம், குடை மேல் பாரம் கூடியிருக்கலாம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுகப் பொருந்தி, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருக்கும். மேல் பாத்திரத்தை ஒரு நூல் உயர்த்தி மறுபடி வைத்தால், நின்ற சொட்டு உடனே ஆரம்பிக்கும். அவசரத்தில் குடையைத் தூக்கிக் கரண்டியால் கிளறுவதும், 'டொக் டொக்'கென்று தட்டுவதும் படுகையைக் கலைத்துப் பொடியைக் கீழே தள்ளும்.

கீழ்ப் பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் சேறு போல மெல்லிய பழுப்புப் படிவம் தெரிந்தால் அது நுண்பொடி. அதிலும் கஃபெஸ்டால் ஒட்டியிருக்கும். டிகாக்‌ஷனை அசைக்காமல் மேலாக ஊற்றி, கடைசி ஒரு ஸ்பூனை விட்டுவிடுங்கள். இரண்டாம் டிகாக்‌ஷன் வேண்டுமென்றால் அதே படுகையின் மேல் மெதுவாக வெந்நீர் விடுங்கள். சக்கையைத் தட்டி எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு டீ வடிகட்டியில் வடிப்பது மட்டும் வேண்டாம். ஃபில்டர் பிடித்துவைத்த எண்ணெயை நாமே கரைத்து எடுப்பதுதான் அது.

எல்டிஎல் ஏற்கெனவே அதிகமாக உள்ளவர், நாளுக்கு நாலு டம்ளர் குடிப்பவர் இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால், காபிக்கான காகித ஃபில்டரைத் துளைத்தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி அடியில் போட்டுக்கொள்ளலாம். வடிய ஐந்து பத்து நிமிடம் கூடும். வாசனையில் கொஞ்சம் குறையும், அதை மறைப்பதற்கில்லை.

ஃபில்டர் இல்லாத காபிகள்

இலங்கையில் பல வீடுகளில் கோப்பித்தூளைக் கோப்பையிலேயே போட்டுக் கொதிநீர் ஊற்றிக் கலக்கி, மண்டி அடியில் தங்கியதும் குடிக்கிறார்கள். தென்மாவட்டங்களில் கருப்பட்டிக் காபிக்குத் தூளையும் கருப்பட்டியையும் சேர்த்தே கொதிக்கவிட்டு, டீ வடிகட்டியில் வடிப்பார்கள். கருப்பட்டி, சுக்கு, மல்லி என்று நல்லது சேர்ந்திருந்தாலும் கஃபெஸ்டால் விஷயத்தில் இவை நார்வேக் கொதிகாபியின் உறவுக்காரர்கள். டீ வடிகட்டியின் கண் தூளைத்தான் நிறுத்தும், எண்ணெயை நிறுத்தாது. கருப்பட்டியையும் சுக்கையும் தனியாகக் கொதிக்கவைத்து, ஃபில்டரில் இறக்கிய டிகாக்‌ஷனை அதில் விட்டால் ருசி மாறாது. ஃபில்டர் இல்லாவிட்டால் நெருக்கி நெய்த பருத்தித் துணியை நாலாக மடித்து வடிக்கலாம். அது காகிதத்துக்கு ஈடாகாது, ஆனாலும் டீ வடிகட்டிக்கு எவ்வளவோ மேல்.

தூளை வெந்நீரில் ஊறவைத்துக் கம்பிவலையால் அமுக்கும் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸும் துருக்கிக் காபியும் கொதிகாபிக்கு நிகர். எஸ்பிரஸோ நடுவில் நிற்கும். டிரோம்சோவிலேயே 21,000 பேருக்கு மேல் பார்த்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 3 முதல் 5 எஸ்பிரஸோ குடித்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். அலுவலகத்தில் கொட்டையை அரைத்து உலோக வலையில் இறக்கும் மெஷின் இருந்தால் கவனியுங்கள். ஸ்வீடனில் 14 மெஷின்களைச் சோதித்து 2025-இல் சொன்னார்கள்: காகிதத்தில் வடித்ததில் லிட்டருக்கு 12 மி.கி. என்றால், மெஷின் காபியில் நடுவளவு 176 மி.கி. இன்ஸ்டன்ட் காபியில் கஃபெஸ்டால் மிகக் குறைவு, பயமில்லை. பட்டனைத் தட்டினால் பாலும் சர்க்கரையும் சேர்ந்தே வருகிற பிரீமிக்ஸ் வேறு கதை. அதில் பாக்கெட்டின் பின்பக்கம்தான் படிக்கவேண்டியது.

கடையில் தூள் வாங்கும்போது ஒரு விஷயம். ரோபஸ்டாவில் கஃபெஸ்டால் அரபிகாவைவிடக் குறைவு, கஃபீனோ ஏறத்தாழ இருமடங்கு. சிக்கரியில் இரண்டுமே கிடையாது. அதனால் கொலஸ்ட்ராலுக்குப் பயந்து ரோபஸ்டாவுக்கு மாறினால் பிரஷரில் மாட்டிக்கொள்ள நேரலாம்.

டம்ளரில் சேருவதுதான் பெரிய கணக்கு

கஃபெஸ்டாலைப் பற்றி இவ்வளவு சொன்னபின் இதையும் சொல்லவேண்டும்: தமிழ்நாட்டுக் காபியில் தமனியைப் பதம்பார்ப்பது பாலும் சர்க்கரையும்.

ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட்டில் கொழுப்பு 6%. டம்ளருக்கு 100 மி.லி., நாளுக்கு நாலு டம்ளர் என்றால் 24 கிராம் பால் கொழுப்பு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 15-16 கிராம், எல்டிஎல்லை ஏற்றும் நிறை கொழுப்பு. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறை கொழுப்பின் உச்சவரம்பே 22 கிராம்தான். காலை இட்லிக்கு நெய் விடுவதற்கு முன்பே முக்கால்வாசிக் கணக்கு காபியில் முடிந்துபோகிறது. நீல பாக்கெட்டுக்கு (3%) மாறினால் இது பாதியாகும். 1.5% இரட்டை டோன்டு பாலில் கால்வாசி. ஃபில்டரைப் பற்றிக் கவலைப்பட்டு ஆரஞ்சு பாக்கெட்டை வாங்குவது, ஓட்டைப் பானைக்கு மூடி தேடுகிற வேலை.

மெல்லிய பாலில் காபி 'தண்ணி' ஆகிவிடுகிறது என்பது நியாயமான குறை. பாலில் தண்ணீர் கலக்காமல், மிதமான தீயில் பத்தில் ஒரு பங்கு வற்றும்வரை காய்ச்சுங்கள். டிகாக்‌ஷனைக் கெட்டியாக இறக்குங்கள். டபராவில் உயர்த்தி ஆற்றினால் நுரை ஏறி நாக்குக்குப் பால் கெட்டியாகத் தெரியும். ஆடை படிந்தால் எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் 8 முதல் 10 கிராம்; நாலு டம்ளருக்கு 32-40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது, 50-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. கூடுதல் சர்க்கரை, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடாக மாறும். வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை என்று பெயரை மாற்றினாலும் கணக்கு இதேதான். ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு வாரத்தில் பழையபடி திரும்பிவிடுவீர்கள். வாரத்துக்கு டம்ளருக்குக் கால் ஸ்பூன் குறைத்தால் நாக்கு சண்டை போடாது.

பிரஷர் உள்ளவர்களுக்கு: நீங்களே சோதித்துப் பாருங்கள்

கஃபீன் ரத்தக்குழாயைத் தற்காலிகமாகச் சுருக்கும். பிரஷர் உள்ளவர்கள் ஒரே தடவையில் 200-300 மி.கி. எடுத்தால் மேல் எண் சராசரியாக 8, கீழ் எண் 6 அளவுக்கு ஏறி மூன்று மணி நேரமாவது நிற்கும். தினமும் குடித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்றம் மழுங்கிவிடும். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. கஃபீனைச் செலவழிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பாதியைக் கழிக்க ஒருவருக்கு இரண்டு மணி நேரம் போதும், இன்னொருவருக்கு ஒன்பது மணி ஆகும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் கதை உங்களுக்கு உதவாது. வீட்டில் டிஜிட்டல் பிரஷர் மெஷின் இருந்தால் மூன்று காலைகள் போதும்.

எழுந்து, சிறுநீர் கழித்து, காபி குடிக்கும் முன் நாற்காலியில் முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில், கை இதயத்தின் மட்டத்தில் மேசை மேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து சராசரி எழுதுங்கள். வழக்கமான காபியைப் பத்து நிமிடத்தில் குடித்துவிட்டு 30, 60, 120 நிமிடங்களில் மறுபடி அளவுங்கள். மூன்றாவது காலையில் மட்டும் காபிக்குப் பதில் அதே சூட்டில் வெறும் பால் குடித்து அளந்தால், ஏற்றம் கஃபீனாலா, எழுந்து நடமாடியதாலா என்று பிரித்துப் பார்க்கலாம். காபி நாளில் 5 முதல் 10 புள்ளி ஏறி, பால் நாளில் ஏறாவிட்டால் உங்கள் உடம்பு கஃபீனுக்கு எதிர்வினை காட்டுகிறது என்று பொருள். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றுவது, அளக்கும்போது பேசுவது, கால்மேல் கால் போடுவது எல்லாம் தாமாகவே எண்ணை ஏற்றிவிடும். டாக்டரிடம் போகும் முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட் வேண்டாம். காபி ஏற்றிய எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள்.

பிரஷர் 160/100-க்கு மேல் உள்ளவர் அது இறங்கும்வரை காபியை நாளுக்கு ஒரு டம்ளரோடு நிறுத்துவது நல்லது. ஜப்பானில் 18,600-க்கு மேற்பட்டவர்களை ஏறத்தாழ 19 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2022-இல் வெளியான ஆய்வில், இந்த அளவு பிரஷரோடு தினம் இரண்டு கப்போ அதற்கு மேலோ காபி குடித்தவர்கள் இதய-ரத்தக்குழாய் நோயில் இறக்கும் வாய்ப்பு, காபியே குடிக்காதவர்களைப் போல் இருமடங்காக இருந்தது. ஒரு கப் குடித்தவர்களிடமும், க்ரீன் டீ குடித்தவர்களிடமும் அந்தக் கூடுதல் இல்லை.

மற்றவர்களுக்கு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டி நாளுக்கு 300 மி.கி. கஃபீனோடு நிறுத்தச் சொல்கிறது. 150 மி.லி. வடித்த காபியில் 80-120, இன்ஸ்டன்டில் 50-65, டீயில் 30-65 மி.கி. என்பது அதன் கணக்கு. மூன்று டம்ளர் ஃபில்டர் காபியில் வரம்பு முடிந்தது. கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. தென்கொரியாவில் 25,000 பேரின் இதயத் தமனிகளை ஸ்கேன் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 3-5 கப் குடிப்பவர்களிடம், அடைப்பின் அடையாளமான சுண்ணாம்புப் படிவு மிகக் குறைவாக இருந்தது. இது பார்த்துச் சொன்ன கணக்குதான். காபிதான் காத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. குடிக்காதவர் இதற்காக ஆரம்பிக்கவேண்டியதில்லை.

குறைப்பதென்றால் திடீரென நிறுத்தாதீர்கள். மறுநாளே தலைவலி மண்டையைப் பிளக்கும். 80:20 தூளிலிருந்து 70:30, பிறகு 60:40 என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிக்கரியைக் கூட்டினால் டம்ளர் எண்ணிக்கை குறையாமலே கஃபீன் குறையும்.

க்ரீன் டீயில் எதை எதிர்பார்க்கலாம்

க்ரீன் டீயும் நீலகிரி டஸ்ட் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்ததும் ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றிக் கறுக்கவிடாமல் நிறுத்துவதால் கேட்டசின் என்ற துவர்ப்புப் பொருள்கள் அழியாமல் தங்குகின்றன. அவற்றில் முதன்மையானது இஜிசிஜி. ரத்தக்குழாயின் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்த இது உதவுகிறது.

ஜப்பானின் ஓசாகி பகுதியில் 40,530 பேரைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வந்த ஆய்வு பிரபலமானது. நாளுக்கு 5 கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய-ரத்தக்குழாய் மரணம், ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிடப் பெண்களில் 31%, ஆண்களில் 22% குறைவு. அவர்கள் கப் 100 மி.லி. என்பதை மறக்கவேண்டாம், அரை லிட்டர்தான் ஆகிறது. கொலஸ்ட்ராலில் எவ்வளவு இறங்கும்? 14 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2011 ஆய்வில் மொத்தக் கொலஸ்ட்ரால் 7 மி.கி., எல்டிஎல் 2 மி.கி. அளவுக்குத்தான் குறைந்தது. 150 என்பது 148 ஆகும். கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் தரும் ஸ்டாட்டின் மாத்திரை எல்டிஎல்லை 30% முதல் 50% வரை இறக்கும். க்ரீன் டீயை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

போடும் முறை: இலை 2 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அல்லது ஒரு பை. தண்ணீர் 160 மி.லி., சூடு 80 டிகிரி. தெர்மாமீட்டர் வேண்டாம்: கொதிக்கிற தண்ணீர் 120 மி.லி., பானையில் இருக்கும் குடிநீர் 40 மி.லி. இரண்டையும் கலந்தால் 82 டிகிரி வரும். ஸ்டீல் டம்ளரில் ஊற்றியதும் இன்னும் ஒன்றிரண்டு குறையும். ஊட்டி உயரத்தில் தண்ணீரே 92-93 டிகிரியில் கொதிப்பதால், அங்கே பச்சைத் தண்ணீர் 25 மி.லி. போதும். இலையைப் போட்டு மூடி மூன்று நிமிடம். பையை நாலு தடவை முக்கி எடுத்தால் மஞ்சள் நிறம் வரும், கேட்டசின் பாதிகூட இறங்காது. அதே இலையை ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு முறை ஊறவைக்கலாம். இந்தத் தடவை ஐந்து நிமிடம்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலோ பத்து நிமிடம் ஊறவிட்டாலோ கசக்கும். கசப்பால் கெடுதல் ஒன்றுமில்லை; சொல்லப்போனால் அதில் கேட்டசின் கூடத்தான் இருக்கும். கசக்கிறதே என்று இரண்டு ஸ்பூன் தேனை ஊற்றுவதில்தான் நஷ்டம். ஆறியபின் அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள். குடலின் காரச் சூழலில் கேட்டசின் சிதையாமல் இருக்க அது உதவுவது ஆய்வகச் சோதனையில் தெரிந்திருக்கிறது. பால் வேண்டாம். பெர்லினில் 16 பெண்களிடம் செய்து 2007-இல் வெளியிட்ட சோதனையில், கறுப்பு டீ குடித்ததும் விரிந்த கை ரத்தக்குழாய், பால் சேர்த்த டீக்கு விரியவில்லை. பாலின் புரதம் கேட்டசினைப் பிடித்துக்கொள்கிறது. சிறிய சோதனைதான், மறுப்பவர்களும் உண்டு.

வாங்கும்போது இலையைக் கையில் கசக்கிப் பாருங்கள். பழுப்பேறி, வைக்கோல் வாடை அடித்தால் பழைய சரக்கு. வெளிச்சம் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். பிரித்தால் மூன்று நான்கு மாதத்தில் முடிப்பது நல்லது. துளசி, இஞ்சி, மல்லிகை என்று வரும் பைகளில் தேயிலை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பாட்டிலில் விற்கும் க்ரீன் டீயில் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

உடம்பு இளைக்க என்று விற்கும் க்ரீன் டீ மாத்திரைகளைத் தொடவேண்டாம். நாளுக்கு 800 மி.கி.யோ அதற்கு மேலோ இஜிசிஜி மாத்திரையாகப் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. டீயாகக் குடிப்பவர்களுக்கு அந்த அளவு எளிதில் சேராது.

மாத்திரை, சாப்பாடு, ரத்தப் பரிசோதனை

மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்கள். காபியிலோ க்ரீன் டீயிலோ விழுங்கவேண்டாம். நாடோலால் என்ற பிரஷர் மாத்திரையோடு க்ரீன் டீயைத் தினம் 700 மி.லி. குடிக்கவைத்து ஜப்பானில் 2014-இல் பார்த்தபோது, ரத்தத்தில் மருந்தின் அளவு 85% சரிந்தது. கொழுப்புக்கான ரோசுவாஸ்டாட்டினையும் க்ரீன் டீச் சத்து ஓரளவு குறைக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் திடீரென லிட்டர் கணக்கில் க்ரீன் டீ ஆரம்பித்தால் ரத்தம் உறையும் நேரம் மாறிவிடும். ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு மாத்திரைக்குப் பிறகு காபிக்கு ஒரு மணி நேரம் பொறுங்கள்.

சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறையும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இடைவெளி விடவேண்டும். டிபன் முடிந்த கையோடு காபி என்ற பழக்கம், ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஆகவே ஆகாது.

மேலே சொன்னவற்றில் எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே லேபில் லிப்பிட் பரிசோதனை செய்யுங்கள். பாலையும் ஃபில்டரையும் நடைப்பயிற்சியையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எதனால் எண் இறங்கியது என்று தெரியாது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தால் கறுப்புக் காபியும் வேண்டாம், தண்ணீர் மட்டும். ஃபிளாஸ்கில் காபியைப் போட்டு எடுத்துப் போய், ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அமுக்கிக்கொண்டே குடிக்கலாம்.